நீதிக்கு நிறம் உண்டோ?

ஞாயிற்றுக்கிழமை ஆங்கில நாளேடு ஒன்றை எடுத்து விரித்துப் பாருங்கள். 'மணமகள் தேவை' என்னும் பகுதியிலே, படித்த, நல்ல குடும்பத்தில் பிறந்த, 'ஃபேர்' ஆன பெண் வேண்டும் என்று ஒரு தந்தை விளம்பரம் கொடுத்திருப்பார். பக்கத்தைப் புரட்டினால், தேர்தல் 'ஃபேர்' ஆக நடந்தாகவேண்டும் என்று ஒரு தலைவர் முழங்கியிருப்பார். இன்னொரு மூலையிலே, நாளை வானிலை 'ஃபேர்' என்று வானிலை நிலையம் அறிவித்திருக்கும். வழக்குச் செய்தியிலே, தம் கட்சிக்காரருக்கு 'ஃபேர்' ஆன விசாரணை கிடைக்கவில்லை என்று ஒரு வழக்கறிஞர் வாதாடியிருப்பார்.

சொல் ஒன்று. ஆனால் மணமகளிடம் அது தோலின் நிறத்தைத் தேடுகிறது. தேர்தலிலே நேர்மையைத் தேடுகிறது. வானத்திலே தெளிவைக் காண்கிறது. வழக்கு மன்றத்திலே நடுநிலையைக் கேட்கிறது. இத்தனை வேலைகளையும் மூன்றெழுத்துச் சொல் ஒன்று எப்படிச் சுமக்கிறது? அழகும், வெண்மையும், நீதியும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடிபுகுந்தன? குடிபுகுந்தபின், அந்த வீட்டிலே யார் யாரை வெளியே தள்ளினார்கள்?

இது இலக்கணப் புலவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. சொற்கள் தாமாகப் பிறப்பதில்லை, தாமாக மாறுவதுமில்லை. ஒரு சமுதாயம் எதை உயர்வென்று மதிக்கிறது, எதைத் தாழ்வென்று ஒதுக்குகிறது என்பதற்குச் சொல்லைப் போன்ற சாட்சி வேறில்லை. கல்வெட்டை மன்னன் வெட்டுவித்தான். வரலாற்று ஏட்டை வென்றவன் எழுதுவித்தான். ஆனால் சொல்லை ஊர் முழுவதும் சேர்ந்து செய்தது. ஆகவே அது ஊரின் குணத்தை மறைக்காமல் காட்டிக் கொடுத்துவிடும்.

வேரிலிருந்து தொடங்குவோம். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் 'ஃபேகர்' என்பது. பொருள்: அழகிய, இனிய, கண்ணுக்கு உகந்த. அவ்வளவுதான். தோலின் நிறம் பற்றி அங்கே பேச்சே இல்லை. அழகிய மலர் 'ஃபேகர்'. அழகிய கோட்டை 'ஃபேகர்'. இனிய குரலும் 'ஃபேகர்'. அதற்கு எதிர்ச்சொல் கருப்பு அன்று. 'ஃபவுல்' என்பதே எதிர்ச்சொல். அழுகியது, நாறுவது, அருவருப்பானது என்று அதற்குப் பொருள். விளையாட்டுத் திடலிலே இன்றும் 'ஃபேர்', 'ஃபவுல்' என்று கூவுகிறார்களே, அந்தப் பழைய இணை இன்னும் பிரியாமல் இருக்கிறது.

வடபுலத்து உறவு மொழியிலும் இச்சொல் உண்டு. நார்வே நாட்டை முதன்முதல் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தவன் என்று சொல்லப்படும் அரசன் ஹரால்டுக்கு 'ஃபாக்ரி' என்று முடியும் ஒரு பட்டப்பெயர் வழங்கிற்று. அழகிய கூந்தலை உடையவன் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் அதை 'ஃபேர்ஹேர்' என்று பெயர்த்தனர். இன்றைய ஆங்கிலச் சிறுவன் அப்பெயரைப் படித்தவுடன் பொன்னிறக் கூந்தல் என்றே எண்ணுவான். அழகைச் சொன்ன சொல், நிறத்தைச் சொல்லும் சொல்லாக மாறிவிட்டது என்பதற்கு இந்த அரசனின் தலைமுடியே சான்று!

இடையில் ஓர் எச்சரிக்கை. சந்தை, பொருட்காட்சி என்னும் பொருளில் வழங்கும் 'ஃபேர்' வேறு சொல். அது திருநாளைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பேருந்துக் கட்டணத்தைக் குறிக்கும் 'ஃபேர்' எழுத்திலும் வேறு, பிறப்பிலும் வேறு. ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு என்று கொண்டுவிடக்கூடாது. ஒலி ஒற்றுமையைக் கொண்டே புராணம் கட்டுவோர் நாட்டில் உண்டு. நமக்கு அந்த வேலை வேண்டாம்.

அழகு எப்படி வெண்மை ஆயிற்று?

விடை வயலிலே இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவிலே உழவன் வெயிலில் நின்றான். உழவன் மனைவி வெயிலில் கதிர் அறுத்தாள். அவர்கள் தோல் பழுப்பேறியது. மாளிகையிலே இருந்தவள் வெயிலைப் பார்க்கவேண்டிய தேவையில்லை. அவள் தோல் வெளுத்திருந்தது. வெளுப்பு என்பது உழைக்காமல் உண்பதன் அடையாளம். உழைக்காமல் உண்பவரே உயர்ந்தோர் என்று நிலவுடைமைச் சமுதாயம் முடிவு கட்டியபோது, உயர்ந்தோரின் தோலே அழகிய தோல் என்ற முடிவும் அதனோடு சேர்ந்து வந்தது. அழகிய என்று பொருள்பட்ட சொல் வெளிறிய என்றும் பொருள்படத் தொடங்கியது. அழகை அளந்தவர் கையிலே இருந்தது முழக்கோல் அன்று, நிலத்தின் பட்டயம்!

அந்த நிறம் இயற்கையாக வாய்க்காதவர் என்ன செய்தனர்? பூசிக்கொண்டனர். பதினாறாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியச் சீமாட்டிகள் முகத்துக்குப் பூசிய வெள்ளைப் பூச்சு, ஈயத்தையும் காடியையும் கொண்டு செய்யப்பட்டது. ஈயம் நஞ்சு. தோலை அரிக்கும், முடியை உதிர்க்கும், உடலுக்குள் ஊறிப் போகும். இலண்டன் நகரமே வியந்து பார்த்த அழகி, காவென்ட்ரி கோமகனின் மனைவி மரியா கன்னிங், முப்பது வயதை எட்டுமுன் 1760ஆம் ஆண்டில் மாண்டாள். அவள் பூசிய ஈயமே அவளைக் கொன்றது என்று சொல்லப்படுகிறது. வெண்மைக்காக உயிரையே விலை கொடுத்தனர். ஏனெனில் அந்தச் சமுதாயத்தில் வெண்மை வெறும் நிறம் அன்று, தகுதிச் சீட்டு.

ஷேக்ஸ்பியர் காலத்திலே இந்த இரு பொருளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. 1609ஆம் ஆண்டில் அச்சேறிய அவருடைய பதினான்கடிப் பாடல்களில், கருங்கூந்தலும் கருவிழியும் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றியவை பல. அவற்றிலே 'ஃபேர்' என்னும் சொல்லை அழகு என்றும் வெளிர்நிறம் என்றும் மாற்றி மாற்றி வைத்து அவர் விளையாடுகிறார். 'ஒதெல்லோ' நாடகத்திலே, கருநிறத் தளபதியைப் பாராட்ட விரும்பும் வெனிஸ் நகரத் தலைவன், அவன் பண்பை உயர்த்திச் சொல்வதற்கு அதே சொல்லை எடுத்து, கருப்புக்கு எதிராக நிறுத்துகிறான். வீரன் நல்லவன் என்று சொல்லவேண்டுமா? அவன் கருப்பனாக இருந்தும் 'ஃபேர்' என்று சொன்னால்தான் பாராட்டு! புகழ்மாலைக்குள்ளேயே ஒரு முள்!

இங்கே அறிவியல் நம் காதில் ஒரு செய்தியைச் சொல்கிறது. இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் உள்ள ஒரு குகையில் 1903ஆம் ஆண்டு மனித எலும்புக்கூடு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்த மனிதனைச் 'செடார் மனிதன்' என்பர். அவன் எலும்பிலிருந்து எடுத்த மரபணுக்களை ஆராய்ந்த அறிஞர்கள் 2018ஆம் ஆண்டில் அறிவித்தது என்ன? அவன் கண்கள் நீலம். தோலோ பெரும்பாலும் கருநிறமாகவே இருந்திருக்கும் என்பது. வெண்மையே அழகு என்று இலக்கணம் எழுதிய நாட்டின் பழங்குடிமகன், இன்றைய மணவிளம்பரத்தில் தேறமாட்டான்! தோலின் நிறம் கதிரவனுக்கும் தோலுக்கும் இடையே நடந்த நெடுங்கால உடன்படிக்கை. தோலிலுள்ள கருநிறப் பொருள் கதிரின் கொடுமையிலிருந்து உடலைக் காக்கிறது. கதிர் குறைந்த நாட்டிலே அது குறைகிறது. அதிலே ஆண்டவன் கட்டளையும் இல்லை; முற்பிறப்பின் பயனும் இல்லை.

இனி அடுத்த கேள்வி. அழகு எப்படி நீதி ஆயிற்று?

அழகிய பொருளிலே கறை இருக்காது. ஆகவே 'ஃபேர்' என்றால் கறையற்ற என்றாயிற்று. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய படியை 'ஃபேர் காப்பி' என்று இன்றும் நம் மாணவர்களே சொல்கிறார்கள். மேகக்கறை இல்லாத வானம் 'ஃபேர்'. தடையில்லாமல் பாய்மரத்தைத் தள்ளும் காற்று 'ஃபேர்'. பொருளுக்குக் கறை இல்லாததுபோல நடத்தைக்கும் கறை இல்லாமல் இருக்கலாமே! பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஒழுக்கத்தில் மாசற்ற என்னும் பொருள் சேர்ந்தது. பதினான்காம் நூற்றாண்டின் நடுவிலே பக்கம் சாராத, ஒப்பநடத்துகின்ற என்னும் பொருளும் தோன்றிவிட்டது. விதிக்கு உட்பட்ட ஆட்டத்தை 'ஃபேர் பிளே' என்று ஷேக்ஸ்பியர் காலத்திலேயே வழங்கினர்.

ஆக, ஒரே கிளையிலிருந்து இரு கொம்புகள். ஒரு கொம்பு அழகிலிருந்து வெண்மைக்குச் சென்றது. மறு கொம்பு அழகிலிருந்து நேர்மைக்குச் சென்றது. இரண்டும் ஒரே மரத்தில் நின்றதால், வெண்மை உள்ளவனிடமே நேர்மை இருக்கும் என்ற மயக்கத்துக்குச் சொல்லே துணை போயிற்று. சொல் செய்த குற்றமா? இல்லை. சொல்லை ஆண்டவர்கள் செய்த குற்றம்.

பெண்களை எடுத்துக்கொள்வோம். அவர்களை 'ஃபேர் செக்ஸ்' என்றார்கள், அழகிய பாலினமாம். எவ்வளவு இனிய பட்டம்! ஆனால் பட்டத்தைக் கொடுத்த கை, வாக்குச் சீட்டைக் கொடுக்கவில்லை. 1792ஆம் ஆண்டிலேயே மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், பெண்ணைப் பொம்மையாக வளர்க்காதீர், அறிவுள்ள உயிராக வளர்ப்பீர் என்று நூல் எழுதினார். கேட்டார்களா? 1897ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே பெண்களுக்குப் பட்டம் தரலாமா என்று வாக்கெடுப்பு வந்தபோது, மிதிவண்டியேறிய பெண் உருவம் ஒன்றைத் தெருவுக்கு மேலே தொங்கவிட்டு எள்ளி நகையாடினர் மாணவர்கள். வாக்கெடுப்பும் தோற்றது. அங்கே பெண்களுக்கு முழுப்பட்டம் கிடைத்தது 1948ஆம் ஆண்டில்தான். பிரிட்டனில் 30 வயது கடந்த பெண்களில் ஒரு பகுதியினர்க்கு 1918ஆம் ஆண்டிலும், ஆண்களுக்கு நிகராக எல்லாப் பெண்களுக்கும் 1928ஆம் ஆண்டிலும் வாக்குரிமை வந்தது. 'ஃபேர்' என்று புகழப்பட்ட பாலினத்துக்கு 'ஃபேர்' கிடைக்க அத்தனை தலைமுறை! புகழ்ச்சி என்பது பல நேரங்களில் உரிமைக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் செல்லாக்காசு என்பதை மறவாதீர்.

கடல் கடந்து வந்த ஆங்கிலேயன், தன்னுடைய 'ஃபேர் பிளே' உணர்ச்சியைப் பற்றி நமக்குப் பாடம் சொன்னான். அந்தப் பாடத்துக்கு ஒரு தேர்வும் வந்தது. 1883ஆம் ஆண்டு, ரிப்பன் பிரபு ஆட்சியில், இல்பர்ட் என்னும் சட்ட உறுப்பினர் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். தலைநகரங்களுக்கு வெளியே உள்ள வழக்கு மன்றங்களில், ஐரோப்பியர் மீதான குற்ற வழக்குகளை இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்பதே அதன் கருத்து. கல்கத்தாவிலே வெள்ளையர் கொதித்தெழுந்தனர். கருநிற நீதிபதியிடம் எங்களுக்கு நீதி கிடைக்காது என்று கூச்சலிட்டனர். 1884 சனவரியில் அரசு பணிந்தது. நடுவர் குழுவில் பாதிப்பேராவது ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கவேண்டும் என்று கேட்கும் உரிமை வெள்ளைக் குற்றவாளிக்கு வழங்கப்பட்டது. இந்தியக் குற்றவாளிக்கு? வெள்ளை நீதிபதியே போதும் என்றனர்! நடுநிலை என்னும் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு, நிறம் என்னும் பொருளைக் கையில் எடுத்தனர்.

இன்னொரு நிகழ்ச்சி. தாதாபாய் நௌரோஜி 1886ஆம் ஆண்டில் இலண்டன் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். 1888ஆம் ஆண்டு எடின்பரோவில் பேசிய தலைமை அமைச்சர் சாலிஸ்பரி பிரபு, ஒரு கருப்பு மனிதரை ஆங்கிலத் தொகுதி தேர்ந்தெடுக்கும் காலம் வந்துவிட்டதா என்று ஐயுறும் வகையில் பேசினார். நாடெங்கும் சிரிப்பு எழுந்தது. ஏன் தெரியுமா? பார்சியாகிய நௌரோஜியின் நிறம், சாலிஸ்பரியின் நிறத்தைவிட வெளுப்பு என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டனர்! 'கருப்பு' என்பது தோலைப் பற்றிய செய்தி அன்று, அடிமை நாட்டான் என்பதன் மறுபெயர் என்பது அன்று அம்பலமாயிற்று. 1892ஆம் ஆண்டில் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் 5 வாக்குகள் மிகுதியில் நௌரோஜி வென்றார். நாடாளுமன்றத்தில் நுழைந்து, உங்கள் 'ஃபேர் பிளே' எங்கே என்று அவர்கள் சொல்லாலேயே அவர்களைக் கேட்டார்.

அடுத்துத் தொழிலாளியிடம் வருவோம். நேர்மையான நாள் உழைப்புக்கு நேர்மையான நாள் கூலி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் தொழிற்சங்கங்களின் முழக்கம். அங்கும் 'ஃபேர்' என்ற சொல்தான். 1881 மே மாதத்தில் ஏங்கல்ஸ் ஒரு தொழிலாளர் ஏட்டிலே இம்முழக்கத்தையே தலைப்பாக வைத்துக் கட்டுரை எழுதினார். எது 'ஃபேர்', யார் அளவுகோலில் 'ஃபேர்' என்று கேட்டார். முதலாளி காத்திருக்க முடியும். அவனிடம் முதல் இருக்கிறது. தொழிலாளி காத்திருக்க முடியாது. அவனிடம் பசி இருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலில் விலங்கைப் பூட்டிவிட்டு, விதிப்படி ஆட்டம் நடக்கிறது என்று கூறுவது நேர்மையா? அந்தக் கேள்வி இன்றும் விடைக்காகக் காத்திருக்கிறது. பத்தாண்டு கழித்து, 1891ஆம் ஆண்டில், அரசு ஒப்பந்தக்காரர்கள் அத்தொழிலில் நடப்பிலுள்ள கூலியைத் தரவேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீர்மானம் செய்தது. அதற்கும் 'ஃபேர்' கூலித் தீர்மானம் என்றே பெயர்.

வாணிபத்திலே இச்சொல் போட்ட வேடங்கள் இன்னும் விந்தையானவை. அதே 1881ஆம் ஆண்டில் பிரிட்டனில் 'ஃபேர் டிரேடு' சங்கம் தோன்றியது. அது கேட்டது, வெளிநாட்டுச் சரக்குக்குச் சுங்கவரி! 1931ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் தொடங்கி அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் 'ஃபேர் டிரேடு' சட்டங்கள் வந்தன. அவை செய்தது, தயாரிப்பாளர் குறித்த விலைக்குக் கீழே கடைக்காரர் விற்கக்கூடாது என்று தடுத்தது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேரவை அவற்றுக்கு முடிவு கட்டிற்று. 1988ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டில் மெக்சிக்கோ நாட்டுச் சிறு காப்பி விவசாயிகளுக்காக ஒரு முத்திரை தோன்றியது. ஏழை விவசாயிக்கு உரிய விலை என்பது அதன் பொருள். இன்று 'ஃபேர் டிரேடு' என்றால் உலகம் இதையே நினைக்கிறது. ஒரே பெயர்ப்பலகை, உள்ளே மூன்று வேறு வேறு கடைகள்! நல்ல சொல் ஒன்று கிடைத்தால் யார் வேண்டுமானாலும் அதை முகப்பில் மாட்டிக்கொள்வர். முகப்பைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே தராசு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதே பகுத்தறிவு.

இச்சொல்லின் வரலாற்றிலே மிகக் கொடியதும் மிக உயர்ந்ததுமான இயல்கள் அமெரிக்காவில் எழுதப்பட்டன.

1931 மார்ச்சு 25ஆம் நாள் அலபாமா மாநிலத்தில் ஒரு சரக்கு இரயிலில் சென்ற கருப்பின இளைஞர் ஒன்பது பேர், இரு வெள்ளைப் பெண்களைக் கெடுத்தனர் என்ற பொய்க்குற்றத்தின்மீது பிடிக்கப்பட்டனர். ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சில நாட்களுக்குள் விசாரணைகள் முடிந்தன. நடுவர் குழுவில் வெள்ளையர் மட்டுமே. உருப்படியாக வாதாட வழக்கறிஞரும் இல்லை. எட்டுப் பேருக்குச் சாவுத் தண்டனை! இதற்குப் பெயர் விசாரணை. ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று உலகமே அதைக் கண்டித்தது. வழக்கறிஞர் துணை இல்லாமல் நடந்த விசாரணை செல்லாது என்று 1932ஆம் ஆண்டிலும், கருப்பினத்தவரை நடுவர் குழுவிலிருந்து திட்டமிட்டு விலக்கியது தவறு என்று 1935ஆம் ஆண்டிலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் தப்பியது, ஆனால் அவர்களின் இளமை சிறையிலே கழிந்தது. தோலில் 'ஃபேர்' இல்லாதவனுக்கு மன்றத்திலும் 'ஃபேர்' இல்லை என்ற கொடுமை அங்கே நடந்தது.

பத்தாண்டு கழிந்தது. இரயில்வண்டித் தொழிலாளர் சங்கத் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப் என்னும் கருப்பினத் தலைவர், போர்த் தொழிற்சாலைகளில் எங்கள் மக்களுக்கு வேலை தராவிட்டால் 1941 சூலை முதல் நாள் வாஷிங்டன் நோக்கிப் படையெடுப்போம் என்றார். கையில் ஆயுதம் இல்லை. பின்னால் மக்கள் இருந்தனர். சூன் 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஆணையில் ஒப்பமிட்டார்: இனம், நிறம், சமயம் பார்த்துப் போர்த் தொழில்களிலும் அரசுப் பணிகளிலும் வேலை மறுக்கக்கூடாது. அதைக் கண்காணிக்க அமைத்த குழுவின் பெயர் என்ன தெரியுமா? 'ஃபேர்' வேலைவாய்ப்புக் குழு! வெளுத்த தோலின் பெயராயிருந்த சொல்லைக் கருத்த கைகள் பிடுங்கி, நீதியின் பெயராக நிலைநாட்டின.

அது முழு வெற்றியா? இல்லை. 1946ஆம் ஆண்டில் அந்தக் குழு முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1938ஆம் ஆண்டில் வந்த 'ஃபேர்' தொழிலாளர் நெறிச்சட்டம் மணிக்கு 25 சென்ட் குறைந்த கூலி என்று வகுத்தது. வயல் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் விட்டுவிட்டது. தென்மாநிலங்களிலே கருப்பின மக்கள் பெரும்பாலும் செய்த வேலைகள் அந்த இரண்டுமே! சட்டத்தின் நெற்றியில் 'ஃபேர்' என்று எழுதியிருந்தது. வயிற்றிலே பழைய நஞ்சு இருந்தது.

அந்த நஞ்சு குழந்தையின் நெஞ்சு வரை சென்றதை இரு அறிஞர்கள் காட்டினர். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கருப்பினத் தம்பதியர், சின்னஞ்சிறு கருப்பினக் குழந்தைகள் முன் பொம்மைகளை வைத்தனர். எல்லாம் ஒரே அச்சு. நிறம் மட்டும் வேறு. எது நல்ல பொம்மை என்று கேட்டனர். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டின. எது உன்னைப்போல் இருக்கிறது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதன. தன் தோலையே வெறுக்கக் குழந்தைக்கு யார் கற்றுக்கொடுத்தது? 1954 மே 17ஆம் நாள், பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தபோது, கிளார்க்கின் ஆய்வும் அடிக்குறிப்பிலே சான்றாக நின்றது.

1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழு நாட்களுக்குப் பின், ஏப்ரல் 11ஆம் நாள், நிறம் பார்த்து வீடு மறுப்பதைத் தடுக்கும் சட்டம் ஒப்பம் பெற்றது. அதற்கும் பெயர் 'ஃபேர்' வீட்டுவசதிச் சட்டம். ஒரு சொல் தன் கறையைக் கழுவிக்கொள்ள எவ்வளவு குருதி தேவைப்பட்டது, பார்த்தீர்களா?

தத்துவ அறிஞர்களும் இச்சொல்லை விடவில்லை. ஜான் ரால்ஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1958ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையிலும், 1971ஆம் ஆண்டில் ஒரு பெருநூலிலும் நீதிக்கு இச்சொல்லையே உரைகல்லாக்கினார். ஒரு திரைக்குப் பின்னால் நின்று சமுதாயத்துக்கு விதி வகுப்பதாக எண்ணிப் பாருங்கள் என்றார். உங்கள் பிறப்பு, செல்வம், அறிவு, ஆற்றல் எதுவும் உங்களுக்குத் தெரியாது. திரை விலகியபின் நீங்கள் யாராகவும் இருக்கக்கூடும். அப்போது வகுக்கும் விதியே நேர்மையான விதி. இந்த ஒரு சோதனையை நம் ஊருக்குக் கொண்டுவாருங்கள். நாளைக் காலையில் அக்கிரகாரத்தில் விழிப்போமா, சேரியில் விழிப்போமா என்று தெரியாத ஒருவன், சேரியைக் கட்டுவானா? தனிச் சுடுகாடு கேட்பானா? தனிக் குவளை வைப்பானா? மாட்டான்! வைத்தவன் தான் எங்கே விழிப்பான் என்று தெரிந்துகொண்டே வைத்தான்.

தமிழ்நாட்டிலே இச்சொல்லுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. சங்க இலக்கியத்தைப் புரட்டிப் பாருங்கள். தலைவியின் அழகு நிறத்தை 'மாமை' என்றனர். மாந்தளிரின் நிறம் என்பர் உரையாசிரியர். கருநிறம் வாய்ந்தவளை 'மாயோள்' என்று அன்போடு அழைத்தனர். தலைவன் பிரிந்தால் அந்த மாமை கெட்டு மேனி வெளிறும். அதற்குப் 'பசலை' என்று பெயரிட்டு, பீர்க்கம் பூவுக்கு ஒப்பிட்டனர். வெளிறுதல் அங்கே அழகு அன்று, நோய்! பொன்னிற மேனியையும் பாடினர், மறுப்பதற்கில்லை. ஆனால் வெளுப்பு ஒன்றே அழகு என்ற ஒற்றை அளவுகோல் அங்கே இல்லை.

நீதிக்கு அவர்கள் இட்ட பெயரைப் பாருங்கள். நேர்மையான ஆட்சி செங்கோல். கொடிய ஆட்சி கொடுங்கோல். செம்மை என்னும் சொல்லுக்குச் சிவப்பு என்றும் பொருள் உண்டு. நேர்மை என்றும் பொருள் உண்டு. ஆங்கிலச் சொல்லைப் போலவே இங்கும் நிறமும் நேர்மையும் ஒரு சொல்லில் நிற்கின்றன. ஆயினும் கோல் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்த்தனரே அன்றி, கோலைப் பிடித்த கையின் நிறத்தைப் பார்க்கவில்லை. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அப்படிப்பட்ட மொழியைப் பேசும் நாம், இன்று பெண் பார்க்கப் போனால் முதலில் கேட்பது என்ன? "பெண் சிவப்பா?" படிப்பைப் பிறகு கேட்கிறோம், பண்பைக் கேட்பதே இல்லை.

இந்தக் கேள்வியை வைத்து ஒரு பெருவாணிபமே நடந்தது. 1975ஆம் ஆண்டில் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்ற முகப்பூச்சு இந்தியச் சந்தைக்கு வந்தது. கருத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் கிடைக்காது, பூசினால் கிடைக்கும் என்ற கருத்தை விளம்பரங்கள் வீடு வீடாகக் கொண்டு சென்றன. 2009ஆம் ஆண்டில் சென்னையிலிருந்தே கருமையும் அழகே என்னும் இயக்கம் ஒன்று பெண்களால் தொடங்கப்பட்டது. 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்டு என்னும் கருப்பினத்தவர் காவலரின் முழங்காலின்கீழ் மாண்டபோது உலகெங்கும் எழுந்த கொந்தளிப்பு, இந்த முகப்பூச்சின் குப்பியையும் வந்து தொட்டது. சூன் மாதத்தில் 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. சூலையில் 'குளோ அண்ட் லவ்லி' என்று பெயர் மாறியது. பெயர் மாறிற்று, மகிழ்ச்சி. பூசுவோரின் மனம் மாறிற்றா? அங்காடியிலே கள்ளத்தனமாக விற்கப்படும் வேறு சில வெளுப்புப் பூச்சுகளில் பாதரசம் கலந்திருப்பதையும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதையும் மருத்துவர்கள் எச்சரித்தபடியே இருக்கிறார்கள். அன்று மரியா கன்னிங்குக்கு ஈயம். இன்று நம் தங்கைக்குப் பாதரசம்!

தோழர்களே! இச்சொல்லுக்கு இன்னும் ஒரு பொருள் உண்டு. அதைக் கடைசிக்கு வைத்தேன். பள்ளியில் மாணவனின் மதிப்பேட்டில் 'ஃபேர்' என்று ஆசிரியர் எழுதுவார். மிக நன்றும் இல்லை, தீதும் இல்லை, பரவாயில்லை என்பது அதன் பொருள். பேரழகைக் குறித்துப் பிறந்த சொல், நடுத்தரத்தைக் குறிக்கும் நிலைக்கும் இறங்கியிருக்கிறது. நாம் எழுதிவரும் சமுதாயத் தேர்விலும் நமக்கு அந்த மதிப்பெண்கூட இன்னும் உறுதியாகவில்லை.

ஆகவே வேலை ஒன்று சொல்கிறேன். பெரிய வேலை அன்று. உங்கள் வீட்டிலே அண்ணனுக்கோ தம்பிக்கோ பெண் தேடி விளம்பரம் எழுதும்போது அருகில் இருங்கள். அந்தச் சொல் வந்தால் பேனாவை வாங்கி அடித்துவிடுங்கள். பெரியவர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். அதே சொல்லை வேறிடத்தில் எழுதுங்கள்: கூலிக்கு முன்னால், விசாரணைக்கு முன்னால், தேர்தலுக்கு முன்னால், பள்ளிக்கூடத்து வாயிலுக்கு முன்னால். பெண்ணின் முகத்திலே அந்தச் சொல்லைத் தேடுகிறவரை, மன்றத்திலே அதைக் கேட்கும் தகுதி நமக்கு முழுமையாக வராது.